டியூப் ஆம்ப்ல பாட்டு பிசிறடிக்குதா? புது டியூப் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!

ராத்திரி 11 மணி. வீட்டில் எல்லோரும் தூங்கியாச்சு. லைட்டை அணைத்துவிட்டு, மேஜை மேல் ஆரஞ்சு நிறத்தில் கனன்றுகொண்டிருக்கும் டியூப் ஆம்பில் ஹெட்போனைச் சொருகி, பிடித்த பாட்டு ஒன்றைப் போடுகிறீர்கள். பல்லவி வரைக்கும் சொர்க்கம். கோரஸ் சேர்ந்து, வயலின்கள் எல்லாம் ஒன்றாக எழும்பும் இடத்தில்தான் அந்தச் சத்தம். தகரத்தில் மணலைக் கொட்டினால் வருமே, அந்த மாதிரி ஒரு 'கர்ர்ர்'. குரல் பிசிறடிக்கிறது. மூட் அவுட்!

இந்த இடத்தில் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். 'டியூப் போயிடுச்சு' என்று நாமே தீர்ப்பு எழுதிவிட்டு, ஷாப்பிங் ஆப்பைத் திறந்து புது டியூப் தேடுவோம். நானும் அதைத்தான் செய்தேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆம்ப் என்பதால் சந்தேகமே வரவில்லை. 3,200 ரூபாய்க்கு ஒரு ஜோடி டியூப் வாங்கி மாட்டினேன். அதே பாட்டு, அதே இடம், அதே 'கர்ர்ர்'.

கடுப்பாகி, ஆம்பைப் பையில் போட்டுக்கொண்டு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். பழைய ஆம்ப்ளிஃபையர்களை ரிப்பேர் பார்க்கும் அண்ணன் ஒருவர் அங்கே சின்னதாகக் கடை வைத்திருக்கிறார். அவர் ஸ்க்ரூ டிரைவரைத் தொடக்கூட இல்லை. ''உங்க போன் வேணாம் தம்பி. என் போன்ல பாட்டு போடுறேன், கேளுங்க'' என்றார். கேட்டேன். கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது!

என் போனில் அப்படி என்ன கோளாறு என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். அதற்கு முன், எந்தப் பிசிறு பிரச்னை, எந்தப் பிசிறு பிரச்னையே இல்லை என்று பார்த்துவிடலாம். ஏனென்றால், டியூப் ஆம்பை நாம் காசு கொடுத்து வாங்குவதே கொஞ்சம் பிசிறுக்காகத்தான்.

நல்ல பிசிறு, கெட்ட பிசிறு

தாத்தா வீட்டு வால்வு ரேடியோ ஞாபகம் இருக்கிறதா? ஆன் செய்தவுடன் பாடாது. சூடாகி, அதற்குப் பிறகுதான் மெள்ள மெள்ளச் சத்தம் எழும்பி வரும். அந்த வால்வும் இந்த டியூபும் ஒன்றுதான். உள்ளே இருக்கும் இழை சூடாகி, அதனால் கேதோடு எலெக்ட்ரான்களை உமிழ வேண்டும். அந்த ஓட்டத்தை நடுவில் இருக்கும் 'கிரிட்' என்ற கம்பி வலை கட்டுப்படுத்தும். பாட்டின் சிக்னல் அந்த வலைக்குப் போகிறது. வலையில் சின்ன அசைவு, ஓட்டத்தில் பெரிய அசைவு. இதுதான் மொத்த டெக்னாலஜியும். அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் 1906-ல் தொடங்கி வைத்தது. 1947-ல் டிரான்சிஸ்டர் வந்த பிறகு மெதுவாக வீட்டை விட்டு வெளியேறி, இப்போது மறுபடி நம் மேஜைக்கு வந்திருக்கிறது.

டியூப் எந்தச் சுரத்தையும் அப்படியே திருப்பித் தராது. கூடவே கொஞ்சம் சேர்த்துத் தரும். 'ஸ' கொடுத்தால் அதன் இரண்டு மடங்கு அதிர்வெண், அதாவது மேல் ஸ்தாயி 'ஸ'வும் மெலிதாக ஒட்டிக்கொண்டு வரும். சேர்ந்து பாடுகிற குரல் மாதிரி இது காதுக்கு இதமாகவே இருக்கும். 'டியூப் சவுண்டு வார்ம்மா இருக்கு ப்ரோ' என்கிறோமே, அதில் பெரும்பங்கு இதற்குத்தான். இது கோளாறு இல்லை.

கெட்ட பிசிறு வேறு ரகம். சிக்னல் தாங்கக்கூடிய அளவைத் தாண்டும்போது அலையின் உச்சி வெட்டுப்படும். 'கிளிப்பிங்' என்பார்கள். அப்போது சுரத்தோடு சேராத அதிர்வெண்கள் எல்லாம் கிளம்பும். அதைவிட மோசம், இரண்டு சுரங்கள் ஒன்றாக வரும்போது அவை ஒன்றோடொன்று மோதி, பாட்டிலேயே இல்லாத மூன்றாவது, நான்காவது சத்தங்களை உண்டாக்கும். தனியாகப் பாடும்போது நன்றாக இருந்த குரல், கோரஸ் சேர்ந்ததும் சேறாகிப்போவது இதனால்தான்.

அதனால் முதல் டெஸ்ட் ரொம்ப சிம்பிள். ஒற்றைப் புல்லாங்குழல் அல்லது தனிக்குரல் இருக்கும் பாட்டு ஒன்று, முழு ஆர்கெஸ்ட்ராவும் அடித்து நொறுக்கும் பாட்டு ஒன்று. இரண்டையும் ஒரே அளவு சத்தத்தில் கேளுங்கள். முதலாவது சுத்தமாகவும் இரண்டாவது சேறாகவும் இருந்தால், எங்கேயோ எல்லை தாண்டுகிறது என்று அர்த்தம். ஒற்றைக் குழலிலேயே கரகரப்பு இருந்தால், கனெக்‌ஷனோ பாகமோ பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். ஆன் செய்த முதல் ஓரிரு நிமிடத்தில் மட்டும் பிசிறு இருந்து பிறகு சரியாகிவிட்டால் விட்டுவிடுங்கள். இழை சூடாகும் வரை டியூபுக்குப் பாடத் தெரியாது.

இன்னொன்று. சத்தத்துக்கு உங்களுக்கு நீங்களே ஒரு பெயர் வையுங்கள். கரகர, 'ம்ம்ம்' என்ற ரீங்காரம், 'உஸ்ஸ்', 'டப் டப்', தட்டினால் 'ணங்'. வலது காதா, இடது காதா, இரண்டுமா? எப்போதுமா, உச்சத்தில் மட்டுமா? இதை ஒரு பேப்பரில் எழுதிவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

வால்யூம் குமிழ்தான் எல்லைக்கோடு

இதுதான் இந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்த பகுதி. கருவி எதுவும் வேண்டாம், கைவிரல் போதும்.

உங்கள் ஆம்பின் வால்யூம் குமிழை ஓர் எல்லைக்கோடாக நினைத்துக்கொள்ளுங்கள். போன், லேப்டாப், டேக் எல்லாம் கோட்டுக்கு முன்னால். பெரும்பாலான மாடல்களில் டியூப் கோட்டுக்குப் பின்னால். ஹெட்போன் கடைசியில்.

பிசிறடிக்கும் அதே இடத்தை ரிப்பீட்டில் போடுங்கள். போனில் வால்யூம் முழுசாக, ஆம்பில் குறைவாக வைத்துக் கேளுங்கள். பிறகு போனில் வால்யூமைப் பாதியாகக் குறைத்து, ஆம்பில் ஏற்றி, காதுக்கு ஏறத்தாழ அதே அளவு சத்தம் வரும்படி வையுங்கள்.

முதலாவதில் பிசிறு, இரண்டாவதில் சுத்தம் என்றால், குற்றவாளி கோட்டுக்கு முன்னால் இருக்கிறார். போனின் ஹெட்போன் ஜாக்கே முழு வால்யூமில் திணறலாம். இரண்டிலும் பிசிறு ஒரே மாதிரி இருந்து, ஆம்ப் குமிழைக் குறைத்தால் பிசிறு அடியோடு காணாமல் போகிறது என்றால், கோட்டுக்குப் பின்னால். அதாவது டியூபோ, அதன் வெளியீடோ, ஹெட்போனோ மூச்சு வாங்குகிறது. ஆம்ப் குமிழை எவ்வளவு குறைத்தாலும் பிசிறும் பாட்டோடு சேர்ந்தே சின்னதாகிறதே தவிர மறையவில்லையா? அப்படியானால் பிசிறு ஆம்புக்குள் நுழைவதற்கு முன்பே பாட்டில் ஒட்டிக்கொண்டுவிட்டது. டியூபை மாற்றி ஒரு பிரயோஜனமும் இல்லை.

சில விலை குறைந்த ஆம்ப்களில் டியூபுக்குப் பிறகுதான் வால்யூம் குமிழ் இருக்கும். அந்த ரகத்தில் 2 வோல்ட் தரும் டேக்கைச் சொருகினால், நீங்கள் குமிழை எங்கே வைத்தாலும் டியூபுக்குப் போகும் அடி ஒன்றுதான். அங்கேயும் டேக் வால்யூமைக் குறைத்துப் பார்ப்பதுதான் வழி.

இப்போது என் போனின் கதை. பஸ்ஸில் கேட்கும் சின்ன இயர்பட்ஸில் பேஸ் பத்தவில்லை என்று, ஈக்வலைசரில் கீழ் அதிர்வெண்களை 6 டெசிபல் ஏற்றி வைத்திருந்தேன். எப்போது வைத்தேன் என்பதே மறந்துவிட்டது. 6 டெசிபல் என்றால் அலையின் உயரம் இரண்டு மடங்கு. டிஜிட்டல் ஆடியோவில் மேலே ஒரு கூரை உண்டு. இப்போது வரும் பாட்டுகள் பெரும்பாலும் அந்தக் கூரையைத் தலையால் தொட்டுக்கொண்டே நிற்பவை. அதை இரண்டு மடங்காக்கினால்? தலை கூரையில் முட்டும். உச்சி வெட்டுப்பட்ட பாட்டைத்தான் என் போன் ஆம்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. சின்ன இயர்பட்ஸில் அது தெரியவில்லை. நல்ல ஹெட்போனும் ஆம்பும் அதை ஒளிக்காமல் காட்டிக்கொடுத்துவிட்டன. 3,200 ரூபாய் பாடம்!

ஈக்வலைசர் வேண்டும் என்பவர்கள், எவ்வளவு ஏற்றுகிறீர்களோ அவ்வளவு 'ப்ரீஆம்ப்' அளவைக் குறைத்துவிடுங்கள். பேஸ் 6 ஏற்றினால் ப்ரீஆம்ப் மைனஸ் 6. போனில் தானாக ஆன் ஆகியிருக்கும் சரவுண்ட் எஃபெக்ட், பேஸ் பூஸ்ட் எல்லாவற்றையும் டெஸ்ட் முடியும் வரை அணைத்து வையுங்கள்.

ஆம்பும் ஹெட்போனும்: பொருத்தம் பார்த்தீங்களா?

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற ஊர் நம்முடையது. டியூப் ஆம்புக்கு ஒரே ஒரு பொருத்தம் பார்த்தால் போதும். ஓம்ஸ்.

ஹெட்போன் டப்பாவில் 'இம்பீடன்ஸ்' என்று ஓர் எண் இருக்கும். ஸ்டூடியோக்களில் அதிகம் பார்க்கக்கூடிய ஆடியோ டெக்னிகா எம்50எக்ஸ் 38 ஓம்ஸ். சென்ஹைசர் ஹெச்டி 600, ஹெச்டி 650 இரண்டும் 300 ஓம்ஸ். பேயர்டைனமிக் டிடி 880-ல் 600 ஓம்ஸ் மாடலே உண்டு.

டியூப் ஆம்ப்களில் ஓடிஎல் என்று ஒரு வகை இருக்கிறது. வெளியீட்டில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல், டியூபே நேரடியாக ஹெட்போனை ஓட்டும். பாட்டில்ஹெட் நிறுவனத்தின் 'கிராக்' என்ற கிட் இதற்குப் பேர்போனது. டியூபின் குணம், வோல்ட்டேஜை வாரி வழங்கும். கரன்ட் கேட்டால் கையை விரித்துவிடும். ஒரே பவருக்கு 32 ஓம்ஸ் ஹெட்போன், 300 ஓம்ஸ் ஹெட்போனைவிட ஏறத்தாழ 3 மடங்கு கரன்ட் கேட்கும். மெல்லிய பாட்டில் சமாளித்துவிடும். தவில் அடி விழும் இடத்தில் கரன்ட் தீர்ந்துபோய் உச்சி வெட்டுப்படும். டியூப் நன்றாக இருக்கிறது, ஆம்ப் நன்றாக இருக்கிறது, ஹெட்போனும் நன்றாக இருக்கிறது. ஜோடிதான் சரியில்லை.

ஆம்பின் வெளியீட்டு இம்பீடன்ஸைப்போல ஹெட்போனின் இம்பீடன்ஸ் குறைந்தது 8 மடங்கு இருக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஓடிஎல் ரகத்தில் இந்தக் கணக்கைக் கறாராகப் பின்பற்ற முடியாது. 100 ஓம்ஸ் வெளியீடு உள்ள ஆம்பில் 32 ஓம்ஸ் ஹெட்போனைச் சொருகினால், சிக்னலின் கால் பங்குதான் ஹெட்போனுக்குப் போய்ச்சேரும். 300 ஓம்ஸ் என்றால் முக்கால் பங்கு. 'சத்தம் பத்தலையே' என்று நீங்கள் குமிழை ஏற்ற ஏற்ற, ஆம்ப் திணறத் தொடங்கும். பேஸும் கட்டுப்பாடு இல்லாமல் 'தொம் தொம்' என்று உளறலாம்.

நண்பரிடம் 250 அல்லது 300 ஓம்ஸ் ஹெட்போன் இருந்தால் ஒரு மணி நேரம் கடன் வாங்கிச் சொருகிப் பாருங்கள். பிசிறு மறைந்தால் கேஸ் முடிந்தது. உங்களிடம் இருப்பது குறைந்த ஓம்ஸ் ஹெட்போன், அதை மாற்றும் எண்ணமும் இல்லை என்றால், வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப் அல்லது முன்னால் டியூப், பின்னால் டிரான்சிஸ்டர் வைத்த ஹைபிரிட் ஆம்ப்தான் உங்களுக்கு. ஆயிரம் பேர் ரிவ்யூவில் புகழ்ந்தாலும் ஓடிஎல் உங்கள் ஹெட்போனுக்கு வேண்டாம் என்பதே என் கருத்து.

ஒரு காதில் மட்டும் கரகரப்பா?

ஒரு பக்கக் கோளாறுதான் கண்டுபிடிக்கச் சுலபமானது. மாற்றிச் சொருகுவது மட்டுமே வேலை. ஆம்பின் பின்னால் இருக்கும் சிவப்பு, வெள்ளை பின்களைத் தலைகீழாக மாற்றுங்கள் (ஆம்பை அணைத்துவிட்டு). கரகரப்பு அடுத்த காதுக்குத் தாவினால், கேபிள் அல்லது அதற்கு முன்னால் இருக்கும் டேக். தாவாமல் அதே காதில் நின்றால் ஆம்ப் அல்லது ஹெட்போன். ஹெட்போனைப் போனிலேயே நேரடியாகச் சொருகிப் பார்த்தால் அதுவும் தெளிவாகிவிடும். ஹெட்போனுக்குள் முடி ஒன்று புகுந்து டயாஃப்ரத்தில் உரசினால்கூட அச்சு அசல் ஆம்ப் கோளாறு மாதிரியே கேட்கும். நம்புங்கள்.

குமிழைத் திருகும்போது மட்டும் 'சரக் சரக்' என்று கேட்கிறதா? அது குமிழுக்குள் தேங்கிய தூசு. அணைத்துவிட்டு இருபது, முப்பது முறை முழுசாகத் திருகினாலே பல சமயம் சரியாகும். ஆகாவிட்டால் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் காண்டாக்ட் கிளீனர். அதை அடிக்கப் பெட்டியைத் திறக்க வேண்டும் என்பதால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். தேங்காய் எண்ணெய், சைக்கிள் ஆயில் வைத்தியமெல்லாம் வேண்டவே வேண்டாம்.

டியூபின் கால்களும் சந்தேகத்துக்குரியவைதான். நம் ஊர் உப்புக்காற்றுக்கும் ஈரத்துக்கும் பின்களில் கறுப்பு படியும். அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, டியூப் முழுக்க ஆறும் வரை காத்திருங்கள். பெரிய பவர் டியூப்களைத் தெரியாமல் தொட்டால் விரல் கொப்பளித்துவிடும். ஆறிய பிறகு, கண்ணாடியின் அடிப்பகுதியைப் பிடித்து லேசாக முன்னும் பின்னும் அசைத்து, நேராக மேலே எடுங்கள். திருகிப் பிடுங்கினால் பின் வளையும், கண்ணாடியும் விரியலாம். பின்களைச் சுத்தமான துணியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, காய்ந்ததும் மாட்டுங்கள். ஒன்பது பின் டியூபில் ஓர் இடத்தில் மட்டும் இடைவெளி பெரிதாக இருக்கும், சாக்கெட்டிலும் அப்படித்தான். அதைப் பொருத்தினால் தப்பாகாது.

சரி, இப்போ டியூபுக்கு வரலாம்

இதுவரை சொன்ன எதிலும் மாட்டவில்லையா? இப்போது டியூப் மேல் சந்தேகப்படலாம். ஆனாலும் வாங்க வேண்டாம், மாற்றுங்கள். இடது பக்கத்துக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று என ஒரே மாதிரி டியூப் இருந்தால், இரண்டையும் இடம் மாற்றி மாட்டுங்கள். கரகரப்பு காது மாறினால் டியூப்தான் போயிருக்கிறது. மாறவில்லையா? டியூப் நிரபராதி. ஆம்புக்குள் அந்தப் பக்கத்தில் பழுது.

சில ஆம்ப்களில் ஒரே டியூபுக்குள் இரண்டு டியூப் ஒளிந்திருக்கும். இசிசி83 என்ற பெயரில் இருக்கும் இரண்டு 'சி' அதைத்தான் சொல்கிறது, இரட்டை டிரையோடு. ஒன்று இடது காதுக்கு, ஒன்று வலது காதுக்கு. அங்கே இடம் மாற்ற வழியில்லை. அப்போதுதான் அதே நம்பரில், விலை குறைந்த, நன்றாக வேலை செய்யும் ஸ்பேர் டியூப் ஒன்று கைவசம் தேவைப்படும். பல ஆயிரம் கொடுத்துப் பழைய ஸ்டாக் டியூப் வாங்குவதெல்லாம், ஆம்பில் வேறு பழுது இல்லை என்று உறுதியான பிறகு.

கண்ணால் பார்த்தே சில விஷயம் தெரிந்துகொள்ளலாம். டியூபின் தலையில் வெள்ளிப்பூச்சு மாதிரி இருப்பது 'கெட்டர்'. அது பால்போல வெளுத்துவிட்டால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, டியூப் காலி. இழை ஆரஞ்சாக மினுங்குவது சரி. ஆனால், சுற்றியிருக்கும் கறுப்பு அல்லது சாம்பல் நிறத் தகடே சிவந்து பழுத்தால், யோசிக்காமல் சுவிட்சை அணையுங்கள். பென்சிலின் ரப்பர் முனையால் டியூபை லேசாகத் தட்டினால் காதில் 'ணங்' என்று கேட்கிறதா? அது மைக்ரோஃபோனிக்ஸ். உள்ளே இருக்கும் பாகங்கள் தளர்ந்து மைக் மாதிரி அதிர்வை எல்லாம் வாங்கிக்கொள்கின்றன. லேசாக இருந்தால் ஆம்புக்கு அடியில் ரப்பர் பாதம் வைத்துச் சமாளிக்கலாம். விசைப்பலகையைத் தட்டும்போதெல்லாம் மணியடித்தால் மாற்ற வேண்டியதுதான்.

இன்னொரு ரகக் கோளாறு, நாமே இழுத்துவிட்டுக்கொள்வது. டியூபை மாற்றி மாற்றி மாட்டி சவுண்டு வித்தியாசம் பார்ப்பது இந்த ஹாபியில் ஒரு போதை. தப்பில்லை. ஆனால் பின் எண்ணிக்கை ஒன்று என்பதற்காக எல்லாம் ஒன்றாகிவிடாது. 12ஏயு7, 12ஏஎக்ஸ்7 இரண்டுக்கும் பின் அமைப்பு ஒன்றேதான். ஆனால் முதலாவதின் பெருக்கும் திறன் 20-க்குள், இரண்டாவதன் திறன் 100. 12ஏயு7-க்காக வடிவமைத்த சர்க்யூட்டில் 12ஏஎக்ஸ்7 மாட்டினால் சிக்னலை ஏகத்துக்கு ஊதிவிட்டு, அதைத் தாங்கும் கரன்ட் இல்லாமல் பிசிறடிக்கும். 6டிஜே8-ம் பார்க்க அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். ஆனால் அதன் இழைக்கு 6.3 வோல்ட் மட்டுமே, பின் இணைப்பும் வேறு. தவறான சாக்கெட்டில் மாட்டினால் டியூபோ ஆம்போ போய்விடும். மேனுவலில் எழுதியிருக்கும் நம்பர், அதற்கு நிகராக அதிலேயே குறிப்பிட்டிருக்கும் நம்பர். அவ்வளவுதான்.

கரன்ட் வாரியமும் ஒரு காரணமாகலாம்

சாயங்காலம் 7 மணிக்கு மேல் மட்டும் பாட்டு சோர்ந்து, மங்கி, பிசிறடிக்கிறதா? அதே ஆம்ப் காலையில் நன்றாக இருக்கிறதா? லோ வோல்ட்டேஜைச் சந்தேகப்படுங்கள். பழைய பாணி டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஆம்பில், 230 வோல்ட்டுக்கு இழைக்கு 6.3 வோல்ட் என்றால், லைன் 200-க்கு இறங்கும்போது இழைக்குக் கிடைப்பது 5.5-க்குள்தான். பொதுவாக 10 சதவிகிதம் ஏற்ற இறக்கம்தான் அனுமதி, இது அதைத் தாண்டிவிடுகிறது. நல்ல ஸ்டெபிலைசர் இதற்குப் போதும். தலைகீழ் ஆபத்தும் உண்டு. அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த 120 வோல்ட் ஆம்பை நம் வீட்டு பிளக்கில் அப்படியே சொருகிவிடாதீர்கள்.

'ம்ம்ம்' என்ற ரீங்காரம் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றால், அது கிரவுண்ட் லூப், டியூபுக்குச் சம்பந்தமில்லை. லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டினாலே போதும். இதற்கு ஒரு குறுக்குவழி சொல்வார்கள். ஆம்பின் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை மட்டும் கனெக்ட் செய்யாமல் விடுவது. ரீங்காரம் நிஜமாகவே நின்றுவிடும். கூடவே உங்கள் பாதுகாப்பும் நின்றுவிடும். உள்ளே ஒரு வயர் கழன்று உலோகப் பெட்டியைத் தொட்டால், தலையில் ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கும் நீங்கள்தான் எர்த்.

பெட்டியைத் திறக்கலாமா?

யூடியூபில் பார்த்தால் சுலபமாகத்தான் தெரியும். திறக்காதீர்கள். மெயின்ஸிலிருந்து நேராக ஓடும் டியூப் ஆம்புக்குள் 100 முதல் 300 வோல்ட் வரை டிசி இருப்பது சாதாரணம். பிளக்கைப் பிடுங்கிவிட்டோம் என்ற தைரியத்துக்கும் அங்கே இடமில்லை. உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் அந்தச் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். விரல் பட்டால் மொத்தத்தையும் உங்கள் வழியாக இறக்கும். இது 'சுள்'ளென்று உதறிவிட்டுச் சிரிக்கும் ஷாக் இல்லை. உயிரே போகலாம்.

அதற்காக உள்ளே என்ன கெட்டுப்போகும் என்று தெரிந்துகொள்வதில் தப்பில்லை. மெக்கானிக்கிடம் பேச உதவும். ஒரு டியூபிலிருந்து அடுத்ததற்கு சிக்னலைக் கடத்தும் கப்ளிங் கெப்பாசிட்டர் வயதாகிக் கசிந்தால், போகக்கூடாத டிசி அடுத்த டியூபின் கிரிட்டில் ஏறும். அந்த டியூப் அளவுக்கு மீறிக் கரன்ட் இழுக்கும், பாட்டு பிசிறும், தகடு சிவக்கும். புது டியூப் போட்டாலும் கொஞ்ச நாளில் அதையும் தின்றுவிடும். ஒரே சாக்கெட்டில் டியூப் அடிக்கடி போகிறது என்றால் இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பவர் சப்ளையின் எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் வறண்டால் 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கேட்கும். சூடாகிச் சூடாகி ஆறுவதில் சாக்கெட் அடியில் சால்டரிங் விரிசல் விட்டிருந்தால், தட்டினால் சரியாகும், பத்து நிமிடத்தில் மறுபடி கரகர. இவற்றில் பலவற்றுக்கு மாற்ற வேண்டிய பாகத்தின் விலை, புது டியூப் ஜோடியைவிட ரொம்பக் குறைவு. கூலிதான் கொஞ்சம் கூட.

மெக்கானிக்கிடம் போகும்போது ''சவுண்டு சரியில்லண்ணே'' என்று மட்டும் சொன்னால், அவர் முதலிலிருந்து தேட வேண்டும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ''வலது பக்கம் மட்டும் கரகரங்குது. பின்னை மாத்திச் சொருகினேன், பக்கம் மாறல. டியூபை மாத்திப் போட்டேன், அப்பவும் மாறல. ஹெட்போன் போன்ல சரியாக் கேட்குது. சூடாகிப் பத்து நிமிஷம் கழிச்சுதான் ஆரம்பிக்குது.'' தேட வேண்டிய இடம் நாலைந்து பாகங்களாகச் சுருங்கிவிடும். உங்கள் ஹெட்போனையும், பிசிறடிக்கும் பாட்டையும் கையோடு கொண்டுபோங்கள். டியூப்களைக் கழற்றி, எது எந்தப் பக்கம் என்று பேப்பர் ஒட்டி, பழைய டி-ஷர்ட்டில் சுற்றித் தனி டப்பாவில் வையுங்கள். சாக்கெட்டிலேயே விட்டு பஸ்ஸில் எடுத்துப் போனால், கடைக்குப் போய்ச் சேருவதற்குள் புதுசாக ஒரு கோளாறு சேர்ந்துவிடும்.